கல்லூரி ஏமாற்றிவிட்டால் யாரிடம் போவது: நீதிமன்றமா, நடுவரா, தனியாகவா, கூட்டாகவா?

எவரெஸ்ட் யுனிவர்சிட்டி ஆன்லைன் என்று அமெரிக்காவில் ஒரு கல்லூரி ஓடியது. கொரிந்தியன் காலேஜஸ் என்ற நிறுவனத்தின் கடைகளில் அதுவும் ஒன்று. டெக்சஸ்காரர் ஒருவர் அதில் பாராலீகல், அதாவது வக்கீலுக்கு உதவியாளராக வேலை பார்ப்பதற்கான பட்டம் படித்தார். ஆன செலவு 51,000 டாலர், கடன் வாங்கிக் கட்டியது. படித்து முடித்துப் பார்த்தால், சேர நினைத்த சட்டக் கல்லூரிகள் அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. உள்ளூர் போலீஸ் துறையும் கையை விரித்தது. தனக்காக மட்டுமில்லாமல், தன்னைப் போல டெக்சஸிலிருந்து சேர்ந்த எல்லாருக்காகவும் சேர்த்து வழக்குப் போட்டார்.

சேரும்போது போட்ட கையெழுத்து குறுக்கே வந்தது. சேர்க்கை தொடர்பான எந்தத் தகராறும் நடுவர் மூலமாகத்தான், அதாவது நீதிபதிக்குப் பதிலாக விசாரித்து முடிவு சொல்லும் தனியார் ஒருவர் மூலமாகத்தான், தீர்க்கப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. சரி, நடுவரிடமே போகிறேன், ஆனால் எல்லாருக்குமாகச் சேர்த்துப் போகிறேன் என்றார் மாணவர். நடுவர் ஒப்புக்கொண்டார். ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றமும் அது சரிதான் என்றது. கல்லூரி மேல்முறையீட்டுக்குப் போக, 2012 மே மாதம் ஐந்தாம் சர்க்யூட் (டெக்சஸ் அடங்கிய வட்டாரத்தின்) மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. 'எந்தத் தகராறும்' என்பது ஊரில் உள்ள எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிற வாசகம், அதை வைத்துக் கூட்டாக நடத்தக் கல்லூரி சம்மதித்ததாகச் சொல்ல முடியாது என்றார்கள். நீதிமன்றத்தில் கிடைக்கும் எந்த நிவாரணமும் நடுவரிடமும் கிடைக்கும் என்று இன்னொரு வரி இருந்தது. அதுவும் எடுபடவில்லை. கூட்டு வழக்கு என்பது நடைமுறை, நிவாரணம் அல்ல என்று முடித்துவிட்டார்கள்.

இத்தனை படி ஏறி இறங்கியும், அந்தப் பட்டம் விற்கப்பட்ட விதம் சரியா என்ற கேள்வியை ஒருவரும் தொடவில்லை. நடந்த சண்டையெல்லாம் எங்கே, யாரோடு சேர்ந்து சண்டை போடலாம் என்பதைப் பற்றித்தான். லாப நோக்கக் கல்லூரிகளோடு மோதும் மாணவர்கள் முதலில் மாட்டுகிற இடம் இதுதான். அவர்களுக்கு முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்பதில் எனக்கு ஓரளவு தெளிவான கருத்து உண்டு.

நடுவர் ஷரத்து எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1925-இல் வந்த ஃபெடரல் ஆர்பிட்ரேஷன் சட்டம், வியாபாரிகள் தங்களுக்குள் வரும் வழக்குகளை நீதிமன்றம் போகாமல் தீர்த்துக்கொள்ள வழி செய்தது. பின்னாளில் செல்போன் கம்பெனி, கிரெடிட் கார்டு கம்பெனி, வேலை கொடுப்பவர் என்று எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அரசுக் கல்லூரிகளும் லாப நோக்கமற்ற கல்லூரிகளும் மாணவர்களிடம் இப்படி எழுதி வாங்குவது அபூர்வம். லாப நோக்கக் கல்லூரிகளில்தான் இது வழக்கமாக இருந்தது.

கூட்டாக நடுவரிடம் போவது

கேட்க இதுதான் நியாயமாகத் தெரியும். நடுவர்தான் வேண்டும் என்கிறாய், சரி. ஆயிரம் பேரின் புகாரும் ஒன்றேதான், அதை ஒரே தடவையில் அவர் விசாரிக்கட்டும். நடுவர்களை ஏற்பாடு செய்யும் அமைப்பான அமெரிக்கன் ஆர்பிட்ரேஷன் அசோசியேஷன் இதற்கென்றே 2003-இல் தனி விதிகள் போட்டது. முதல் கட்டத்தில் ஒப்பந்தம் கூட்டு விசாரணைக்கு இடம் கொடுக்கிறதா என்று நடுவர் பார்ப்பார். இரண்டாம் கட்டத்தில் இவர்களை ஒரே குழுவாக எடுத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்வார். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் எதிர்த்தரப்பு நீதிமன்றம் போய் முறையிட அவகாசம் உண்டு. இரண்டையும் தாண்டினால்தான் அசல் விசாரணை. முதல் கட்டத்துக்கான முன்பணமே 3,250 டாலர் என்று அந்த விதிகள் சொல்லின. பொதுவாக நடுவர் விசாரணையைச் சூழ்ந்திருக்கும் ரகசியம் இதற்குக் கிடையாது என்பது மட்டும் மாணவர் பக்கத்துக்கு ஒரு நல்ல அம்சம்.

இந்த வழியை உச்ச நீதிமன்றம் படிப்படியாக அடைத்துக்கொண்டே வந்தது. ஒப்பந்தம் கூட்டு விசாரணையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றால் அதைத் திணிக்கக் கூடாது என்று 2010-இல் ஸ்டோல்ட்-நீல்சன் வழக்கில் சொன்னது. அடுத்த வருஷம் ஏடி அண்ட் டி மொபிலிட்டி வழக்கு. இலவச போன் என்று விளம்பரம் செய்துவிட்டு 30.22 டாலர் விற்பனை வரி வாங்கியதில் தொடங்கிய தகராறு அது. கூட்டாகச் சேர மாட்டேன் என்று எழுதி வாங்கிய ஷரத்தை மாநிலச் சட்டத்தைக் காட்டித் தள்ளிவிட முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. முப்பது டாலருக்காக யார் தனியாக வக்கீல் வைப்பார்கள் என்று கேட்கலாம். அதற்கும் 2013-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கில் பதில் வந்தது. வழக்கை நிரூபிக்க ஆகும் செலவு கிடைக்கப்போகும் தொகையைவிட அதிகம் என்பதற்காகவும் ஷரத்து செல்லாமல் போகாது என்றார்கள்.

அதே 2013-இல் ஒரே ஒரு ஜன்னல் திறந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஹெல்த் வழக்கில், ஒப்பந்த வாசகத்தைப் படித்துப் பார்த்து நடுவர் கூட்டு விசாரணை செல்லும் என்று முடிவெடுத்திருந்தால், அவர் தப்பாகப் படித்திருந்தாலும் நீதிமன்றம் தலையிடாது என்று ஒருமனதாகத் தீர்ப்பு. எவரெஸ்ட் மாணவருக்கு ஒரு வருஷம் பிந்தி வந்த தீர்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஜன்னலும் நிலைக்கவில்லை. கூட்டு விசாரணை உண்டா இல்லையா என்பதை நடுவரிடம் விடாமல் நாங்களே பார்க்கிறோம் என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. ஒப்பந்த வாசகம் இரண்டு விதமாகப் படிக்கும்படி இருந்தாலும் போதாது, வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்று 2019-இல் லாம்ப்ஸ் பிளஸ் தீர்ப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டு வழக்கு கிடையாது என்று ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேர்த்துவிட்டால் கதை அங்கேயே முடிகிறது. எந்தக் கல்லூரியின் வக்கீல் அந்த வரியைச் சேர்க்க மறப்பார்?

இத்தனையும் தாண்டி ஜெயித்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். கல்லூரி வழக்கு அல்ல, ஸ்டெர்லிங் ஜுவல்லர்ஸ் நகைக்கடை நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் சம்பளப் பாகுபாட்டை எதிர்த்து நடத்தியது. ஏறக்குறைய 68,000 பெண்கள், 17.5 கோடி டாலர் சமரசம். 2008-இல் தொடங்கியது 2022-இல்தான் முடிந்தது. நேரில் வராத பெண்களையும் நடுவரின் முடிவு கட்டுப்படுத்துமா என்ற ஒரு கேள்வியே அதில் பல வருஷத்தை விழுங்கியது. பதினான்கு வருஷம் நடத்த வக்கீல்கள் தயாராக இருக்க வேண்டும், அதுவரை எதிராளியும் திவாலாகாமல் இருக்க வேண்டும். நகைக்கடை தாக்குப் பிடித்தது. கல்லூரிகள் தாக்குப் பிடிப்பதில்லை.

அதனால் என் கணக்கில் இதுதான் கடைசி வழி. ஒப்பந்தம் பழையது, கூட்டு வழக்குக்குத் தடை என்ற வரி அதில் இல்லை, அந்தக் கேள்வியை நடுவரே தீர்மானிக்கலாம் என்று தெளிவாக எழுதியும் இருக்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

தனியாக நடுவரிடம் போவது

இதைச் சட்டென்று ஒதுக்கிவிட வேண்டாம். நடுவர் அமைப்புகளின் நுகர்வோர் விதிப்படி நடந்தால் மாணவர் கட்ட வேண்டிய கட்டணம் சில நூறு டாலருக்குள் நின்றுவிடும், மீதியைக் கல்லூரி கட்ட வேண்டும். வருஷக்கணக்கில் இழுக்காது. சொந்தப் பணம் கொஞ்சம் போயிருக்கிறது, கையில் மின்னஞ்சலும் ரசீதும் இருக்கிறது என்றால் பயன்படும்.

ஆனால் கேட்க ஜூரி இல்லை, முடிவு தப்பாக இருந்தாலும் அநேகமாக மேல்முறையீடு இல்லை, கல்லூரியின் உள் ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம் குறைவு. நடுவர்களுக்கு அந்தக் கல்லூரி அடிக்கடி வரும் வாடிக்கையாளர், மாணவர் ஒரு தடவை வந்து போகிறவர். ஜூரி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மிசூரி மாநிலத்தின் வேட்டராட் கல்லூரி வழக்கைப் பார்க்கலாம். மருத்துவ உதவியாளர் படிப்பு என்று நம்பிச் சேர்ந்த பெண்ணை மருத்துவ அலுவலக உதவியாளர் படிப்பில் தள்ளியிருந்தார்கள். 2013-இல் ஜூரி நஷ்டஈடாகக் கொடுத்தது 27,000 டாலர் சொச்சம். தண்டனையாக விதித்ததோ 1 கோடியே 30 லட்சம் டாலர்! மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பு அதைச் சுமார் 20 லட்சமாகக் குறைத்தது. குறைத்தும் இருபது லட்சம். மூடிய அறையில் ஒரு நடுவர் முன்னால் இப்படி நடப்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு சின்ன வழி, சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றம். நடுவர் ஷரத்து இருந்தாலும் இதற்கு விலக்கு விட்டிருப்பது வழக்கம். டெக்சஸில் 20,000 டாலர் வரை, கலிஃபோர்னியாவில் தனிநபருக்கு 12,500 டாலர் வரை கேட்கலாம். பலர் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நீதிமன்றத்தில் கூட்டு வழக்கு

நடுவர் ஷரத்தே இல்லை, அல்லது அது செல்லாது என்றால் கேள்வியே இல்லாமல் இதுதான் முதல் வழி. டிரம்ப் யுனிவர்சிட்டி மேல் போட்ட கூட்டு வழக்குகள் நீதிமன்றத்திலேயே நடந்து, நியூயார்க் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வக்கீல்) போட்ட வழக்கோடு சேர்த்து 2016 நவம்பரில் 2.5 கோடி டாலருக்குச் சமரசமாயின. கட்டிய பணத்தில் பெரும்பகுதி மாணவர்களுக்குத் திரும்பியது. ஆய்வுப் படிப்பை வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள், அதிலும் கறுப்பினத்தவரையும் பெண்களையும் குறிவைத்துச் சேர்த்தார்கள் என்று வால்டன் யுனிவர்சிட்டி மேல் 2022-இல் தொடங்கிய வழக்கு, இரண்டே வருஷத்தில் 2.85 கோடி டாலர் சமரசத்துக்கு வந்தது. நகைக்கடையின் பதினான்கு வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஷரத்து இருந்தால் அதை உடைக்க மாணவர்களுக்குக் கிடைத்த நல்ல ஆயுதம் கல்வித்துறையின் விதி. ஃபெடரல் மாணவர் கடன் பணத்தை வாங்கும் கல்லூரி, முன்கூட்டியே நடுவர் ஷரத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது, கூட்டு வழக்கையும் தடுக்கக் கூடாது என்று ஒபாமா அரசு 2016-இல் விதி போட்டது. அதன் பிறகு நடந்தது ஆட்சிக்கு ஒரு விதி. டிரம்ப் அரசின் கல்வி அமைச்சர் பெட்சி டிவோஸ் அதை நடைமுறைக்கு வராமல் தள்ளிப்போட்டார். அப்படித் தள்ளியது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னதால் 2018 அக்டோபரில் உயிர் வந்தது. 2020 ஜூலை 1-இல் டிவோஸின் புது விதி அந்தத் தடையை எடுத்துவிட்டது. பைடன் அரசு 2022-இல் மறுபடி தடை கொண்டுவந்து, 2023 ஜூலை 1-ஐ அமலுக்கு வரும் தேதியாகப் போட்டது. அந்த விதித்தொகுப்பில் கடன் ரத்து சம்பந்தப்பட்ட பகுதிகளை ஐந்தாம் சர்க்யூட் அடுத்த மாதமே நிறுத்திவைத்தது.

ஆகவே எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டோம், எந்தத் தேதியில் கடன் வாங்கினோம் என்பதுதான் இங்கே உயிர்நாடி. கிராண்ட் கேன்யன் யுனிவர்சிட்டி லாப நோக்கக் கல்லூரியா இல்லையா என்பதே தனி வழக்காக ஓடிய கல்லூரி. அங்கே டாக்டர் பட்டத்தை 60 கிரெடிட்டில் முடித்துவிடலாம் என்று நம்பவைத்தார்கள் என்று மாணவர்கள் வழக்குப் போட்டபோது, 2016 விதி இருப்பதால் நடுவர் ஷரத்தைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்று பதினொன்றாம் சர்க்யூட் 2020-இல் தீர்ப்பளித்தது. ஷரத்தை உடைத்ததில் எனக்குத் தெரிந்து மாணவர்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி அது.

அந்த விதிக்கு முந்தைய காலத்தில் கதை வேறு. பொய் விளம்பரத்தை நிறுத்த உத்தரவு போடுங்கள், அது எங்களுக்காக இல்லை, பொதுமக்களுக்காக என்று கலிஃபோர்னியா மாணவர்கள் கொரிந்தியன் மேல் கேட்டுப் பார்த்தார்கள். அதையும் நடுவரிடமே போய்க் கேளுங்கள் என்று 2013 அக்டோபரில் ஒன்பதாம் சர்க்யூட் அனுப்பிவிட்டது. ஒன்றரை வருஷத்தில் அந்த நிறுவனமே இழுத்து மூடப்பட்டது.

ஆயிரம் தனி வழக்குகள்

கூட்டாக வரக் கூடாது என்கிறாயா, சரி, தனித்தனியாகவே வருகிறோம், ஆனால் எல்லாரும் ஒரே நாளில் வருகிறோம் என்பதுதான் இது. டோர்டேஷ் டெலிவரி ஊழியர்கள் 5,010 பேர் இப்படி வந்தபோது, நடுவர் அமைப்புக்குக் கம்பெனி கட்ட வேண்டிய கட்டணமே சுமார் 95 லட்சம் டாலர் ஆனது. கம்பெனி பின்வாங்கப் பார்த்தது. நீ எழுதிய ஷரத்து, நீயே கட்டு என்று நீதிபதி வில்லியம் ஆல்சப் 2020 பிப்ரவரியில் உத்தரவிட்டார். எழுபத்தைந்தாயிரம் மனுக்கள் வந்து குவிந்த பிறகு அமேசான் தன் நடுவர் ஷரத்தையே தூக்கிவிட்டது.

கல்லூரி விஷயத்தில் இது கூட்டு நடுவர் விசாரணையைவிட எவ்வளவோ மேல். சம்மதம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழாது, அந்த ஷரத்தே சம்மதம். ஆனால் ஆயிரம் பேரைத் திரட்டி, ஒவ்வொருவரின் காகிதத்தையும் சரிபார்க்கும் சட்ட அலுவலகம் வேண்டும். ஒவ்வொருவருக்கும் காலக்கெடு தனித்தனி. நடுவர் அமைப்புகளும் சும்மா இருக்கவில்லை, மொத்தமாக வரும் மனுக்களுக்கென்று விதிகளையும் கட்டணங்களையும் மாற்றிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல், கட்டணத்துக்கு அஞ்சும் அளவுக்குக் கல்லூரியிடம் பணம் இருக்க வேண்டும்.

கல்லூரியை விட்டுவிட்டு அரசிடம் போவது

பணம் என்றதும் கொரிந்தியனுக்கு வருகிறேன். 2015 ஏப்ரலில் மிச்சமிருந்த கிளைகளை மூடி, மே மாதம் திவால் மனு கொடுத்தார்கள். நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 53 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பு வாங்கியது. கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் 110 கோடி டாலருக்கு வாங்கினார். வசூலிக்கத்தான் எதுவும் இல்லை. மாணவர்களுக்கு நிஜமாகக் கிடைத்தது வேறு பக்கத்திலிருந்து: 2022 ஜூனில் கல்வித்துறை 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை ரத்து செய்தது. ஐடிடி டெக் என்ற இன்னொரு லாப நோக்கக் கல்லூரி மூடிய பிறகும் இதுவே நடந்தது, 2,08,000 பேருக்கு 390 கோடி டாலர்.

'பாரோயர் டிஃபென்ஸ்' என்று இதற்குப் பெயர். கல்லூரி ஏமாற்றியது, ஆகவே ஃபெடரல் கடனை நான் கட்ட வேண்டியதில்லை என்று கல்வித்துறையிடம் விண்ணப்பிப்பது. கல்லூரியோடு போட்ட நடுவர் ஷரத்துக்கு இங்கே வேலையே இல்லை. விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்டதற்காகக் கல்வித்துறை மேலேயே 2019-இல் கடனாளிகள் கூட்டு வழக்குப் போட்டார்கள். ஆல்சப் முன்னால்தான் அதுவும் வந்தது. 2022-இல் ஒப்புதலான சமரசத்தில் சுமார் இரண்டு லட்சம் பேருக்கு 600 கோடி டாலர் கடன் தள்ளுபடியானது. கல்லூரிகள் மேல் கூட்டாகப் போக முடியாதவர்கள் அரசின் மேல் கூட்டாகப் போய் வாங்கினார்கள்.

குறை இல்லாமல் இல்லை. 2020 ஜூலைக்குப் பிறகு வாங்கிய கடனுக்கு டிவோஸ் காலத்து விதிப்படி பொருளாதார நஷ்டத்தைத் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும், படிப்பை விட்ட மூன்று வருஷத்துக்குள் கேட்க வேண்டும். பைடன் அரசு கொண்டுவந்த தாராளமான விதியைக் காங்கிரஸ் 2025-இல் பத்து வருஷம் தள்ளி வைத்துவிட்டது. தனியார் வங்கிக் கடனுக்கும் கைக்காசுக்கும் இது பொருந்தாது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு ஃபெடரல் கடனே கிடையாது. அதனால் இந்த வழியும் இல்லை, ஃபெடரல் கடனை ஒட்டி எழுதப்பட்ட அந்த நடுவர் ஷரத்துத் தடையிலும் அவர்களுக்கு இடம் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மிஞ்சுவது தனி நடுவர், ஸ்மால் கிளெய்ம்ஸ், மாநில அட்டர்னி ஜெனரலிடம் புகார்.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஃபெடரல் கடன் இருந்தால் முதல் வேலை அந்த விண்ணப்பம். செலவில்லை, வக்கீல் வேண்டாம், மற்ற வழிகளையும் அது அடைக்காது. அதைப் போட்ட கையோடு ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். மாணவர் கையேட்டில் சொல்லியிருப்பதை நம்ப வேண்டாம், கையெழுத்துப் போட்ட பிரதியே வேண்டும். ஷரத்து இல்லை என்றாலோ, 2018-க்கும் 2020-க்கும் இடையில் அல்லது 2023 ஜூலைக்குப் பிறகு சேர்ந்திருந்தாலோ, கூட்டு வழக்கு நடத்தும் வக்கீலிடம் தேதிகளோடு போங்கள். ஷரத்து உறுதியாக நிற்கிறது, கல்லூரி கொழுத்திருக்கிறது, கூட ஏமாந்தவர்கள் நிறைய என்றால் மொத்தமாகத் தனி மனுக்கள் போடுகிறவர்களைத் தேடலாம். கல்லூரி ஆட்டம் காண்கிறது என்ற செய்தி வந்தால் எந்த நடுவரிடமும் காலத்தைச் செலவழிக்காமல், கல்லூரி எனக்குப் பணம் தர வேண்டும் என்று திவால் நீதிமன்றத்தில் பதிவு செய்வதே மேல். ஐடிடி மாணவர்கள் அப்படித்தான் கூட்டாக நுழைந்து, 2018 சமரசத்தில் கல்லூரிக்கு நேரடியாகத் தர வேண்டியிருந்த கடனைத் தள்ளுபடி செய்ய வைத்தார்கள்.

இன்னும் கல்லூரியில் சேராதவர்களுக்கு ஆறாவதாக ஒன்று உண்டு. சில ஒப்பந்தங்களில், கையெழுத்துப் போட்ட இத்தனை நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் நடுவர் ஷரத்து உங்களைக் கட்டாது என்று ஒரு வரி இருக்கும். சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பைலட் பள்ளி 2008-இல் திவாலானபோது அதன் மாணவர்கள் கடன் கொடுத்த கீபேங்க் மேல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கடன் பத்திரத்தில் அதற்கு 60 நாள் அவகாசம் இருந்தது. அந்த அவகாசம் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டுதான் 2013-இல் ஒன்பதாம் சர்க்யூட் அவர்களை நடுவரிடம் அனுப்பியது. அந்த வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், முதல் வாரத்திலேயே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.